இலை பார்க்கப் போன மலை

23 அக்டோபர் 2025, வியாழன்: வெல்ச்

அமெரிக்காவின் சார்லட் நகரில் இருக்கும் என் தங்கை வீட்டில், அக்டோபரில் வரும் விருந்தாளியை மலைக்கு அழைத்துப் போய் இலைகள் நிறம் மாறுவதைக் காட்டாமல் ஊருக்கு அனுப்புவதில்லை. ப்ளூ ரிட்ஜ் மலைச்சாலையில் இந்த மாதம் கார்கள் ஊர்ந்துதான் போகும் என்பதால், தங்கையின் கணவர் (நான் தம்பி என்றுதான் அழைப்பேன்) இந்த முறை மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் இருக்கும் மெக்டவல் கவுண்டியை (நம் ஊர் மாவட்டம் போன்றது) தேர்ந்தெடுத்தார். கூட்டம் இருக்காது, அறை வாடகை குறைவு, நிலக்கரி ரயில் பார்க்கலாம் என்றார். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மரமும் செடியும் இருக்கும் இடம் என்றால் எனக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

வர்ஜீனியாவில் இருந்து மேற்கு வர்ஜீனியாவுக்குள் நுழைவது மலையின் வயிற்றுக்குள்ளே நடக்கிறது. ஈஸ்ட் ரிவர் மலைச் சுரங்கம் 1 மைலுக்கும் சற்றுக் கூடுதலான நீளம். மாநில எல்லை அதற்குள் வருகிறது. வெளியே வந்து ப்ளூஃபீல்டைத் தாண்டி 52ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பியதும் அகலமான சாலை முடிந்துவிட்டது. ஒருபுறம் மலை, மறுபுறம் எல்கார்ன் ஓடை, இரண்டுக்கும் இடையில் தண்டவாளம், மிஞ்சிய இடத்தில் சாலையும் வீடுகளும். மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன, நாங்கள் எதைப் பார்க்க வந்தோமோ அது குறைவில்லாமல் கிடைத்தது. ஆனால் அந்த மரங்களுக்குக் கீழே, கூரை இடிந்த கடைவீதிகளும் பலகை அறைந்த ஜன்னல்களும் ஊருக்கு ஊர் தொடர்ந்தன. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 98,887 பேர் வாழ்ந்த கவுண்டி இது; 2020இல் 19,111 பேர். நிலக்கரி வெட்டும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன, சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

வழியில் பாறையில் செருகிய ஒரு குழாயில் இருந்து ஊற்றுநீர் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் சரக்கு வண்டியின் பின்புறம் நிறையக் குடங்களும் கேன்களும் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்க முடியாது என்று அவர்கள் சொன்னதைத் தங்கை எனக்குத் திருப்பிச் சொன்னாள். இந்தப் பக்கத்து ஆங்கிலம் முதல் நாள் எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் நின்றதைப் பார்த்து, தாகமாக இருக்கும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு எங்கள் பாட்டிலையும் வாங்கி நிரப்பிக் கொடுத்தார்கள்.

கிம்பால் ஊரில், முதல் உலகப் போரில் பங்கேற்ற கறுப்பின வீரர்களுக்காக 1928இல் கட்டப்பட்ட நினைவுமண்டபம் தூண்களோடு கம்பீரமாக நிற்கிறது. அதே ஊரில்தான் வால்மார்ட் கடையும் இருந்தது. 2016 தொடக்கத்தில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் 154 கடைகளை மூடியபோது இதையும் மூடிவிட்டது. கவுண்டிக்கே அதுதான் பெரிய காய்கறிக் கடை, பெரிய வேலைகொடுக்கும் இடங்களில் ஒன்று. போதாததற்கு, இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உள்ளூர் உணவு வங்கிக்கு மிச்சப் பொருள்களைக் கொடுத்துவந்ததும் அந்தக் கடைதான்.

இரவுக்குப் பழம் வாங்கலாம் என்று சாலையோரத்தில் இருந்த ஒரு மலிவுக் கடைக்குள் நுழைந்தோம். பன்னிரண்டு வகை உருளைக்கிழங்கு வறுவலும், ஒரு சுவர் நீளத்துக்குச் சோடாவும், டப்பாவில் அடைத்த பீன்ஸ், சோளம், பீச் எல்லாம் இருந்தன. குளிர்பெட்டியில் பாலும் முட்டையும் பாலாடைக்கட்டியும். பச்சை நிறத்தில் நான் கண்டது எலுமிச்சைச் சாறு அடைத்த பிளாஸ்டிக் குப்பி மட்டுமே. பெட்ரோல் நிலையத்தில் வாழைப்பழம் கிடைத்தது, ஒன்று 99 சென்ட். இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 87 ரூபாய், தோல் கறுத்திருந்தது. அதைவிட இரண்டு லிட்டர் சோடாவுக்குப் பெரிய விலை வித்தியாசம் இல்லை.

இரவு உணவுக்குப் போன சிற்றுண்டிச் சாலையில் பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் 7 டாலர். இறைச்சி உண்டா என்று கேட்டதற்கு, பரிமாறிய பெண் மிகுந்த பரிவோடு இல்லை என்று தலையாட்டி, வாசனைக்காகப் பன்றித் தொடை எலும்பு மட்டும் போட்டிருப்பதாகச் சொன்னார். நான் சோள ரொட்டியை வெண்ணெய் தொட்டுச் சாப்பிட்டேன். தம்பிக்குக் கிடைத்த ஹாட் டாக்கின் மேல் நறுக்கிய முட்டைக்கோஸ் தூவியிருந்தது. “அக்கா, இந்த மேசையில் காய் சாப்பிடுகிற ஒரே ஆள் நான்தான்” என்றார்.

24 அக்டோபர், வெள்ளி: வெல்ச், கிம்பால்

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பள்ளிச் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்தவர். மேல்மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறார், இரண்டு அறைக்கு இரவுக்கு 110 டாலர், காலை உணவு உட்பட. நேற்றிரவு நடந்ததைத் தங்கை சொல்ல, விடியற்காலையில் எழுந்து எனக்காக எலும்பு போடாத பீன்ஸ் வைத்திருந்தார். ஊசிநூலில் கோத்து அடுப்பங்கரையில் தொங்கவிட்டுக் காயவைத்த முழு பீன்ஸ் அது. கொத்தவரை வற்றல் போலச் சுருங்கியிருந்ததை இரவு முழுதும் ஊறப்போட்டு வேகவைத்திருக்கிறார். மண்வாசனையும் லேசான புகைவாசனையும் சேர்ந்த சுவை. வெளியே வெப்பநிலை 3 டிகிரி, மலைக்கும் மலைக்கும் நடுவே மூடுபனி அடைத்துக்கொண்டு எதிர்வீடு தெரியவில்லை. பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

காய்கறி பற்றி நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் நீண்ட பதில் சொன்னார். இந்தக் கவுண்டியின் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம். சில ஆண்டுகளாக ஒன்றிய அரசின் வேளாண் துறை, அந்தந்த வட்டார விவசாயிகளிடம் நேரடியாக வாங்குவதற்கென்றே பள்ளிகளுக்குத் தனியாகப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர் சமையலறைக்கு ஆப்பிள் பெட்டி பெட்டியாக வந்தது. தொலைதூரக் கிடங்கில் மெழுகு பூசி வைத்த பழம் இல்லை, இதே மாநிலத்து மரத்தில் பறித்தது. கோல்டன் டெலிஷியஸ் என்று உலகமெல்லாம் விற்கிற மஞ்சள் ஆப்பிளின் தாய்மரம் இந்த மாநிலத்தின் க்ளே கவுண்டியில்தான் முளைத்தது என்பதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழந்தைகள் பழத்தைக் கடித்துவிட்டுத் தொட்டியில் எறிவது குறைந்ததைத் தாம் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

2025 மார்ச் மாதம் வேளாண் துறை, அந்தத் திட்டத்தின் அடுத்த தவணையாக நாடு முழுவதற்கும் அறிவித்திருந்த ஏறக்குறைய 66 கோடி டாலரை ரத்துசெய்தது. உணவு வங்கிகள் உள்ளூர் விவசாயிகளிடம் வாங்குவதற்கான இணைத் திட்டத்தில் இன்னும் ஏறக்குறைய 42 கோடி டாலர் அதோடு போயிற்று. இரண்டும் சேர்ந்து 100 கோடி டாலருக்கு மேல். பள்ளியில் சாப்பாடு நின்றுவிடவில்லையே என்று நான் கேட்டேன். நிற்கவில்லை, தட்டு நிறையத்தான் கொடுக்கிறார்கள் என்றார். டப்பாப் பழம், உறைபனிச் சோளம், ஜாடிச் சாறு என்று தட்டின் நிறம்தான் மாறியிருக்கிறது. இந்தப் பதில் நாள் முழுவதும் என்னோடு வந்தது. நிதியை வெட்டினால் பசி வரும் என்று எதிர்பார்த்துத்தான் நாம் கேள்வி கேட்கிறோம். இங்கே வயிறு நிறைந்துவிடுகிறது, முதலில் மறைவது பச்சையான பொருள்.

வெல்ச் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1960இல் தேர்தல் பிரசாரத்துக்கு இந்த மலைகளில் சுற்றிய ஜான் கென்னடி, பதவியேற்றதும், ஏழைகள் உணவு வாங்க முத்திரைச் சீட்டுத் தரும் ஃபுட் ஸ்டாம்ப் திட்டத்தைச் சோதனை முறையில் எட்டு இடங்களில் தொடங்கினார், அவற்றில் மெக்டவல் ஒன்று. 1961 மே 29 அன்று வேளாண் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமன் நேரில் வந்து, 15 பேர் கொண்ட ஆல்டர்சன் மன்சி குடும்பத்துக்கு 95 டாலர் மதிப்புள்ள முத்திரைச் சீட்டுகளைக் கொடுத்தார். அவர்கள் ஹெண்டர்சன் சூப்பர் மார்க்கெட்டில் முதலில் வாங்கியது பன்றி இறைச்சி கலந்த பீன்ஸ் டப்பா. இன்று சீட்டுக்குப் பதில் அட்டை. நம் ஊர் ரேஷன் போலப் பொருளாகத் தருவதில்லை. மாதந்தோறும் அட்டையில் பணம் ஏறும், அதைக் கொண்டு கடையில் விரும்பிய உணவுப்பொருளை வாங்கலாம், சூடாகச் சமைத்ததை வாங்கக் கூடாது. நாடு முழுவதும் ஏறக்குறைய 4.2 கோடிப் பேரிடம் இந்த உதவி போய்ச் சேர்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் ஆறு பேரில் ஒருவர்.

பிற்பகல், வீட்டுக்கார அம்மாள் ஒரு தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் உணவு வழங்கும் வேலைக்குப் போனார், நாங்களும் உடன் போனோம். வெட்டிப்பேச்சு இல்லாமல் ஆளுக்கொரு கையுறையைக் கொடுத்து வேலையில் சேர்த்துவிட்டார்கள். கார்கள் வரிசையாக வரும், பின்கதவைத் திறப்பார்கள், பெட்டியை வைத்துவிட்டு ஒரு வார்த்தை நலம் விசாரிக்க வேண்டும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒவ்வொருவரும் எங்களைக் கேட்டார்கள், இந்தியா என்றதும் இவ்வளவு தூரம் வந்தா இந்த வேலை செய்கிறீர்கள் என்று சிரித்தார்கள். ஒருவர்கூடத் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, ஒருவர்கூட இரண்டாவது பெட்டி கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவருக்கும் சேர்த்து வாங்கிப் போகிறேன் என்றவர்களிடம் யாரும் சான்று கேட்கவில்லை. ஒன்றிய அரசின் சிறைச்சாலை ஒன்று வெல்ச்சில் இருக்கிறது. செலவுக்கான நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அக்டோபர் 1 முதல் ஒன்றிய அரசு முடங்கியிருப்பதால் அதன் காவலர்களுக்குச் சம்பளம் வரவில்லை, வேலைக்கு மட்டும் போகவேண்டும். சீருடை மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு காவலர் வரிசையில் வந்தார்.

பெட்டியில் என்ன இருந்தது என்று என் தொழில் புத்தியில் கணக்கெடுத்தேன். பாஸ்தா, டப்பா மீன், கடலை வெண்ணெய், டப்பாப் பச்சைப் பட்டாணி, அரிசி, ஒரு பை வெங்காயம். சென்ற ஆண்டு இதே வாரத்தில் முட்டைக்கோசும் சர்க்கரைவள்ளியும் கேல் கீரையும் இருந்தன என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். கீரை எப்படி வந்தது என்பதை அவர் விவரித்தபோதுதான் எனக்குச் சங்கதி விளங்கியது. ஒன்றிய அரசின் பணம் கீரைக்கு மட்டும் விலை கொடுக்கவில்லை. குளிர்பதன வண்டியின் வாரச் சுற்றுக்கு ஓட்டுநர் கூலி, டீசல், கிடங்கின் மின்கட்டணம் எல்லாம் அந்தக் கொள்முதலைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தன. டப்பாவை எந்த வண்டியிலும் எந்த நாளிலும் அனுப்பலாம், இரண்டு ஆண்டு கழித்தும் சாப்பிடலாம். வெட்டிய லெட்யூஸை நன்றாகக் குளிரவைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். குளிரில்லாத வண்டியில் மலைச்சாலையில் ஏற்றினால் மறுநாளே துவண்டுவிடும். குளிர் வண்டி நின்றால் கீரை நிற்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு மேல், இந்த ஆண்டு பிப்ரவரி வெள்ளம் வேறு. மலை இடுக்குகளில் வாழ்கிற மக்கள் வேட்டையாடிய மான் இறைச்சியையும் தோட்டத்து பீன்ஸையும் பெரிய உறைபனிப் பெட்டியில் ஆண்டு முழுவதற்கும் சேமிப்பவர்கள். வெள்ளத்தில் அந்தப் பெட்டிகள் மிதந்து போயின, மண் சுவர்போல் படிந்து தோட்டங்களும் போயின. புதிய பெட்டி வாங்க முடிந்தவர்கள் சிலர்தான் என்றார்கள்.

காகிதம் போல வெளுத்த முகமுள்ள ஒரு தொண்டர், வயது 58 என்றார், வேலை முடிந்ததும் ஒரு படிவத்தில் தாம் உழைத்த மணிநேரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம், உணவு அட்டை உதவி பெற மாதம் 80 மணிநேரம் வேலையோ பயிற்சியோ தொண்டோ காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 54 வயதோடு நிறுத்தாமல் 64 வரை நீட்டியிருக்கிறது. 14 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளின் பெற்றோருக்கும் இனி அது உண்டு. இவர் முப்பது ஆண்டு சுரங்கத்தில் இருந்தவர், மூச்சு வாங்குகிறது, மருத்துவச் சான்று கிடைக்கும் வரை வெங்காயப் பை தூக்குகிறார்.

25 அக்டோபர், சனி: மன்றோ கவுண்டி, ஹிண்டன்

வீட்டுக்கார அம்மாளின் அக்கா மகன் மன்றோ கவுண்டியில் காய்கறி பயிரிடுகிறார், போகிற வழியில் பார்க்கலாம் என்று முகவரி கொடுத்திருந்தார். வழி எளிதாக இல்லை. கைபேசியில் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு குழியில் இறங்கி முன்சக்கரத்தின் டயர் கிழிந்தது. அரைமணி நேரத்தில் நான்கு வண்டிகள் வந்தன, நான்கும் நின்றன. நான்காவதாக வந்தவரிடம்தான் வண்டி தூக்கும் சரியான ஜாக்கி இருந்தது. மழைத் தூறலில் படுத்துச் சக்கரம் மாற்றியவர் பணம் வாங்க மறுத்தார், மாறாக எங்களுக்கு ஒரு பை பாபா பழம் கொடுத்தார். தோல் பச்சை, உள்ளே மஞ்சள் களி, சீத்தாப்பழக் குடும்பம்தான் என்பது கொட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. இங்கே காட்டில் தானாகக் காய்க்கிறது. இரண்டு நாளில் கனிந்து அழுகிவிடுவதால் கடைக்கு வருவதில்லையாம். பருவத்தின் கடைசிப் பழங்கள் என்றார்.

பண்ணை எட்டு ஏக்கர், மலைச்சரிவில். பிளாஸ்டிக் கூரை வேய்ந்த இரண்டு நீண்ட குடில்கள். இவற்றைக் கட்ட வேளாண் துறையின் நிலவளப் பாதுகாப்புப் பிரிவு விவசாயிகளுக்கு உதவித்தொகை தருகிறது. உள்ளே கேல், டர்னிப் கீரை, கீரைத்தண்டு, முள்ளங்கி எல்லாம் பனியில் கருகாமல் செழித்திருந்தன. சொட்டுநீர்க் குழாயைக் குனிந்து பார்த்தவுடன் விவசாயி என்னை விருந்தாளியாக நடத்துவதை விட்டுவிட்டார், அதன் பிறகு இரண்டு மணி நேரம் அசுவினிப் பூச்சியும் சுண்ணாம்புச் சத்தும்தான் பேச்சு.

ரத்தான திட்டத்தின் மறுமுனை இங்கே இருந்தது. 2021ஆம் ஆண்டின் கொரோனா நிவாரணச் சட்டத்தின் பணத்தில் தொடங்கிய, உணவு வங்கிகளுக்கான அந்தக் கொள்முதல், அதே மாநிலத்திலோ 400 மைலுக்குள்ளோ விளைந்ததைத்தான் வாங்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. சந்தையில் சனிக்கிழமை மழை பெய்தால் பாதிக்கூடை திரும்பிவரும். உணவு வங்கிக்கான கொள்முதலில் இத்தனை பெட்டி, இந்த விலை, இந்தத் தேதி என்று விதைக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். அந்த உறுதியை நம்பி அவர் குளிர் அறை ஒன்று கட்டினார், ஒரு பெண்ணை முழுநேர வேலைக்கு வைத்தார். ஜனவரியில் விதைக்கும் உரத்துக்கும் பணம் கட்டி முடித்த பிறகு மார்ச்சில் செய்தி வந்தது. முட்டைக்கோஸ் நாற்று அப்போது ஈரிலைப் பருவத்தில் தட்டில் நின்றதாம். அதைப் பிடுங்கி எறிய மனமில்லாமல் நட்டார்; அறுவடையில் ஒரு பகுதி சந்தையில் போயிற்று, ஒரு பகுதி அடிமாட்டு விலைக்கு, மிச்சம் கோழிகளுக்கு. வேலைக்கு வைத்த பெண் ஆகஸ்ட்டில் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது பூண்டு நடும் பருவம். சென்ற ஆண்டு நட்டதில் பாதிப் பாத்திக்குத்தான் மண்ணைக் கிளறி வைத்திருந்தார். ஏன் இதற்கும் குறைவு, பூண்டு கெடாதே என்று கேட்டேன். வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் விதைப்பூண்டில் கை வைக்க முடியாது என்றார். எங்கள் துறையில் நாங்கள் விளைச்சல் பெருக்குவதைப் பற்றியே கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருப்போம். காய்கறி விளைவதற்கு முன்னால் அதை வாங்குவதற்கு ஒரு வாக்கு வேண்டும், அந்த வாக்கை ஏழைகளின் சார்பில் கொடுக்கக்கூடியது அரசு ஒன்றுதான் என்பதை அந்தப் பாதிப் பாத்திக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன். வாஷிங்டனில் மார்ச்சில் போட்ட ஒரு கையெழுத்து, அடுத்த ஆண்டு ஜூலையில் பூண்டு இல்லாமல் போவதாக இந்த மலைக்கு வந்து சேர்கிறது. நடுவில் இத்தனை மாதம் கழிந்துவிடுவதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

வரும்போது கேல் ஒரு பெரிய கட்டுக்கு 4 டாலர் கொடுத்தோம். ஹிண்டன் விடுதியின் சிறிய அடுப்பில் தங்கை பூண்டும் மிளகாய்வற்றலும் தாளித்துப் பொரியல் செய்தாள். இந்த மலைக்கு வந்த பிறகு வயிறார நான் சாப்பிட்ட முதல் கீரை.

26 அக்டோபர், ஞாயிறு: சார்ல்ஸ்டன்

மாநிலத் தலைநகரில் பழைய சரக்கு ரயில் நிலையத்தைச் சந்தையாக மாற்றியிருக்கிறார்கள், பெயர் கேப்பிடல் மார்க்கெட். வெளியே பூசணியும் சாமந்தியும் குவிந்திருந்தன, உள்ளே கடைகள் பளபளப்பாக இருந்தன. நன்றாக உடுத்தியவர்கள் நாயோடு வந்து ஆப்பிள் வெண்ணெய் வாங்கினார்கள். நானும் ஒரு ஜாடி வாங்கினேன், 8 டாலர். நேற்றுக் கேள்விப்பட்ட, விலை போகாமல் கோழிக்குப் போன முட்டைக்கோஸ் நினைவுக்கு வந்ததால் எனக்கு இந்த இடம் முழுதாக ரசிக்கவில்லை. அது சந்தையின் குற்றமில்லை.

இந்த மாநிலத்தின் பல உழவர் சந்தைகளில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. உணவு அட்டையில் 1 டாலருக்குக் காய் வாங்கினால், இன்னொரு டாலருக்கான காய் இலவசம். இதற்கும் பெரும்பகுதி ஒன்றிய மானியப் பணம்தான். ஏழைக்குக் காய் இரட்டிப்பாகிறது, விவசாயிக்கு முழு விலை கிடைக்கிறது. நான் பார்த்த திட்டங்களில் இவ்வளவு நேராகப் போய்ச் சேர்வது அபூர்வம். ஆனால் அட்டையில் முதல் டாலர் இருந்தால்தான் இரண்டாவது டாலர்.

அந்த முதல் டாலரைப் பற்றிய செய்தி இன்று காலை விடுதித் தொலைக்காட்சியில் வந்தது. அரசு முடங்கியிருப்பதால் நவம்பர் 1 அன்று அட்டைகளில் பணம் ஏறாது என்று வேளாண் துறை தன் இணையதளத்தில் அறிவித்துவிட்டது. காலை உணவுக் கூடத்தில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் திரையைப் பார்த்தபடியே நின்றுவிட்டார், ரொட்டி கருகியது. ஒருவரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மேசைக்கு வந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் வீட்டில் மூன்று பேரக்குழந்தைகள் என்று மட்டும் சொன்னார்.

முடங்கல் என்றாவது முடியும். ஜூலைச் சட்டம் அப்படியில்லை. நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீட்டில், 10 ஆண்டுகளில் இந்த உணவு உதவியில் ஏறக்குறைய 18,600 கோடி டாலர் குறையும். இதுவரை முழுதும் ஒன்றிய அரசு கொடுத்துவந்த உதவித்தொகையில், கணக்குப் பிழை விகிதம் கூடிய மாநிலங்கள் 2027 அக்டோபர் முதல் 5 முதல் 15 விழுக்காடு வரை தாமே ஏற்க வேண்டும். நிர்வாகச் செலவில் மாநிலப் பங்கு 2026 அக்டோபரிலேயே பாதியில் இருந்து முக்கால் பங்காக உயர்கிறது. நிலக்கரி வருமானம் தேய்ந்த இந்த மாநிலம் அதை எங்கிருந்து எடுக்கும் என்பதை யோசிக்கலாம். பள்ளி உணவையும் இது தொடும். ஒரு பள்ளியில் எல்லாருக்கும் இலவசமாகச் சமைக்கலாமா என்பது, எத்தனை குழந்தைகளின் வீடு இப்படிப்பட்ட உதவியில் இருக்கிறது என்ற எண்ணிக்கையை வைத்து முடிவாகிறது. பெற்றோர் பெயர் பட்டியலில் இருந்து விழுந்தால் அந்த எண்ணிக்கையும் விழும்.

சந்தையில் பேச்சுக் கொடுத்த ஒரு பெண்மணி, இதே சட்டத்தால் செப்டம்பர் 30 அன்று வேலை இழந்தவர். உதவி பெறும் குடும்பங்களுக்குச் சமையலும் சத்துணவும் கற்றுக்கொடுக்கும் ஒன்றியத் திட்டம் அன்றோடு நாடு முழுவதும் முடிந்தது. பீட்ரூட்டைப் பார்த்திராத குழந்தைகளிடம் அதைத் தொட்டு நறுக்கிச் சுவைக்கவைப்பது அவர் பணியாக இருந்தது. வரும் ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தில் உணவு அட்டையில் சோடா வாங்கத் தடை வருகிறது. எனக்குச் சோடாவின் மேல் பரிவு கிடையாது, தடையை நான் ஆதரிக்கவும் செய்வேன். ஆனால் சோடாவை எடுத்துவிட்ட இடத்தில் வைக்க வேண்டிய பழத்துக்கும், அதைப் பழக்க வேண்டிய ஆசிரியைக்கும், கொண்டுவர வேண்டிய வண்டிக்கும் உரிய பணத்தை அதே ஆண்டில் நிறுத்திவிட்டு, மக்களின் உடல்நலம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாலை முழுக்க மழை. தம்பிக்குப் பெப்பரோனி ரோல் 3 டாலர் 50 சென்ட், எங்கள் இருவருக்கும் வாட்டிய உருளைக்கிழங்கு.

27 அக்டோபர், திங்கள்: ஹில்ஸ்வில் வழியாகச் சார்லட்

திரும்பும் வழியில் வர்ஜீனியாவின் ஹில்ஸ்வில் அருகே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம், மலைமேட்டில் முட்டைக்கோஸ் பயிராகும் பகுதி அது. சாலையோர விற்பனைக் கூடத்தில் இடுப்பு உயரத்துக்குக் குவித்திருந்தார்கள், தலை ஒன்று 2 டாலர், கையில் எடுத்தால் மூன்று கிலோவுக்குக் குறையாது. கிம்பால் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம்.

விற்றவரிடம் அதைச் சொன்னேன். அந்த ஊரைத் தெரியும் என்றார், அவர் மனைவியின் தாத்தா கீஸ்டோனில் சுரங்கத்தில் இருந்தவராம். ஒரு லாரி முட்டைக்கோஸ் அங்கே அனுப்புவது முடியுமா என்று தம்பி கேட்டார். இன்று மாலைக்குள் ஏற்றித் தருகிறேன், முட்டைக்கோஸ் குளிரில் மாதக்கணக்கில் நிற்கும், அவசரமே இல்லை என்றார் அவர். ஏற்றுக்கூலி, டீசல், ஓட்டுநர், இறக்கி வைக்கக் குளிர் அறை என்று விரல் மடக்கினார். சென்ற ஆண்டுவரை இந்தக் கணக்கைப் போட உணவு வங்கியில் ஓர் ஆள் இருந்தார், தொலைபேசியில் அழைப்பார், விலை பேசுவார், வண்டி வரும். இந்த ஆண்டு அந்த அழைப்பு வரவில்லை.

பெட்டி ஒன்று ஐந்தாறு தலையோடு வாங்கிக் காரில் ஏற்றினோம். வெல்ச் வீட்டுக்கார அம்மாளுக்குத் தங்கை அங்கிருந்தே தொலைபேசி செய்து அந்தக் கூடத்தின் எண்ணைக் கொடுத்தாள். தேவாலயத்தில் ஒருவரிடம் குதிரை ஏற்றும் டிரெய்லர் இருக்கிறது, வியாழக்கிழமை குளிராக இருந்தால் மூடாமலே கொண்டுவந்துவிடலாம், டீசலுக்கு வசூல் செய்து பார்க்கிறேன் என்றார் அவர். எத்தனை தலை கேட்கலாம் என்று விசாரித்தார். அறுபது பெட்டிக்கு நூற்றிருபது தலை என்று நான் கணக்குச் சொன்னேன். அதற்கு 240 டாலர், டீசல் தனி.